சார்ன்லி இடுப்பு மூட்டு செட்: நீண்டகாலப் பயன்பாட்டில் எது நிற்கிறது, எது கழல்கிறது

செயற்கை இடுப்பு மூட்டைப் பொருத்தும் முறையை உருவாக்கிய ஆங்கிலேய எலும்பு அறுவை மருத்துவர் ஜான் சார்ன்லியின் செட்டில் எந்தப் பொருளும் தனியாக நிற்பதில்லை. கொஞ்ச காலம் கையாண்டாலே இது பிடிபட்டுவிடும். இங்கிலாந்தில் விகன் நகருக்கு அருகே, முன்பு காசநோய் மருத்துவமனையாக இருந்த ரைட்டிங்டனில், 1950களின் இறுதியிலிருந்து 1982இல் காலமாகும்வரை அவர் ஒன்றன்பின் ஒன்றாகப் பலவற்றைக் கொண்டுவந்தார்: தொடை எலும்புக்குள் இறங்கும் தண்டின் தலையில் சிறிய உலோகப் பந்து, அது சுழல இடுப்புக் குழியில் பொருத்தும் தடித்த பிளாஸ்டிக் கிண்ணம், எலும்புச் சிமென்ட், ட்ரோக்கன்டரை (தொடை எலும்பின் மேல்முனையில் இடுப்புத் தசைகள் பிடித்திருக்கும் புடைப்பு) வெட்டி மறுபடி கம்பியால் கட்டும் முறை, எலும்பைக் குடையும் ரீமர்கள், தசையை விலக்கிப் பிடிக்கும் ரிட்ராக்டர்கள், சுத்தக் காற்றுக் கூண்டு, காற்றை உறிஞ்சும் அங்கி. முந்தையது கிளப்பிய சிக்கலை அடைக்கவே பெரும்பாலும் அடுத்தது வந்தது. அதனால் நடுவிலிருந்து ஒன்றை மட்டும் உருவிப் பயன்படுத்தினால் சிக்கல் வேறு இடத்தில் தலைதூக்கும். ஆரம்ப காலத்தில் ரைட்டிங்டனுக்கு வந்து முறையைக் கற்றவர்களுக்குத்தான் லீட்ஸ் நகரத் தாக்ரே நிறுவனம் மூட்டை விற்கலாம் என்று அவர் நிபந்தனை போட்டதன் நியாயம் இதில்தான் இருக்கிறது.

முதலில் பந்து. அன்று புழக்கத்தில் இருந்த, பிரெஞ்சு ஜூடே சகோதரர்கள் வடிவமைத்த அக்ரிலிக் பந்து பொருத்திய ஒருவரின் இடுப்பு அசைவுக்கு அசைவு கிரீச்சிட்டது. சார்ன்லியை உராய்வு ஆராய்ச்சிக்குள் இழுத்தது அந்தச் சத்தம்தான். கணக்கு எளிது: உராய்வு விசையைப் பந்தின் ஆரத்தால் பெருக்கினால், கிண்ணத்தைத் திருகி எலும்பிலிருந்து பிடுங்கப் பார்க்கும் விசை கிடைக்கும். 41 மி.மீ. அளவில் தொடங்கிய பந்தின் விட்டத்தை அவர் படிப்படியாகக் குறைத்து 22.225 மி.மீ., அதாவது 7/8 அங்குலத்துக்குக் கொண்டுவந்தார். திருகுவிசை ஏறக்குறைய பாதியாகிவிட்டது. வெளிவிட்டம் 44 மி.மீ. உள்ள கிண்ணத்தில் பிளாஸ்டிக் சுவரும் கிட்டத்தட்ட 11 மி.மீ. தடிமனாகக் கிடைத்தது.

சுவருக்கு முதலில் அவர் தேர்ந்த பொருள் டெஃப்லான். 1958 முதல் சுமார் 300 பேருக்குப் பொருத்தப்பட்டு, இரண்டு மூன்று ஆண்டுகளில் தேய்ந்து, சுற்றிலும் கட்டி கட்டியாகத் திசுக்கள் திரண்டு, எலும்பையே அரித்தது. தேய்ந்த துகளை உடல் ஏற்குமா என்று பார்க்க அவர் தன் தொடையிலேயே அதைச் செலுத்திக்கொண்டார். ஏற்கவில்லை. 1962இல் லங்காஷயர் நெசவு இயந்திரங்களின் பற்சக்கரங்களுக்குப் பயன்பட்ட உயர் அடர்வு பாலிஎதிலீன் ஒன்று ஆய்வகத்துக்கு வந்தது. சார்ன்லி அதை நகத்தால் கீறிப் பார்த்து ஒதுக்கிவிட்டார். ஆய்வக உதவியாளர் ஹாரி க்ரேவன்தான் விடாமல் தேய்மான இயந்திரத்தில் ஓட்டிப் பார்த்தார். அந்த ஆண்டு நவம்பரிலிருந்து கிண்ணம் பாலிஎதிலீனுக்கு மாறியது. கண்டுபிடிப்பின் பெயர் யாருக்குப் போனாலும், இந்தத் திருப்பத்துக்கான மதிப்பெண்ணை க்ரேவனுக்குத்தான் போட வேண்டும்.

சின்னப் பந்தின் உண்மையான லாபம் தேய்மானத்தின் கொள்ளளவில் தெரிகிறது. பழைய வகைப் பாலிஎதிலீன் ஆண்டுக்குச் சராசரியாக 0.1 மி.மீ. தேயும் என்று வைத்துக்கொண்டால், 22 மி.மீ. பந்து ஆண்டுக்குச் சுமார் 39 கன மி.மீ. தூளை உதிர்க்கும். 32 மி.மீ. பந்து அதே ஆழத்துக்கு 80 கன மி.மீ. உதிர்க்கும். எலும்பை அரிப்பது இந்தத் தூள்தான். தூளை விழுங்கும் செல்கள் கிளப்பும் அழற்சியில் சிமென்ட்டைச் சுற்றியுள்ள எலும்பு கரைகிறது. ஆனால் சின்னப் பந்துக்கு இன்னொரு முகமும் உண்டு. அது கிண்ணத்துக்குள் ஆழமாகப் புதைந்துகொண்டே போகும்போது தண்டின் கழுத்து கிண்ண விளிம்பில் இடிக்கத் தொடங்கும். அந்த நெம்புதலில் கிண்ணமே சிமென்ட்டோடு கழலும். கழுத்தின் விட்டத்தை 12.5 மி.மீ.யிலிருந்து 10 மி.மீ.க்குக் குறைத்தது இதைத் தள்ளிப்போடத்தான்.

தேய்மானத்தை எக்ஸ்ரேயில் அளப்பது சார்ன்லி கிண்ணத்தில் சுலபம். பிளாஸ்டிக் எக்ஸ்ரேயில் தெரியாது. அதனால் வெளிப்புறத்தில் அரைவட்டக் கம்பி ஒன்று பதித்திருக்கும். படத்தில் பந்தின் விட்டத்தை முதலில் அளக்க வேண்டும். 26 மி.மீ. வந்தால் 22.225ஆல் வகுக்க உருப்பெருக்கம் 1.17. பிறகு கம்பிக்கும் பந்துக்கும் இடையே மிகக் குறுகிய இடைவெளியை அளந்து, அறுவை முடிந்தவுடன் எடுத்த படத்தோடு ஒப்பிட வேண்டும். இடைவெளி 3 மி.மீ. குறைந்திருந்தால் உண்மைத் தேய்மானம் 2.6 மி.மீ. அருகில். முதல் படம் தொலைந்துபோயிருந்தால் இந்தக் கணக்கே நடக்காது. நோயாளிகள் பழைய எக்ஸ்ரேயைத் தூக்கிப் போடாமலிருக்க இது ஒன்றே போதுமான காரணம்.

சின்னப் பந்து எளிதில் நழுவும். அரைக்கோளக் கிண்ணத்தில் 22 மி.மீ. பந்து 11 மி.மீ. விலகினாலே விளிம்பைத் தாண்டிவிடும், 36 மி.மீ. பந்துக்கு 18 மி.மீ. வேண்டும். இந்த ஓட்டையை அடைக்கத்தான் சார்ன்லி தொடை எலும்பின் பெரிய ட்ரோக்கன்டரைக் கிக்லி ரம்பம் என்ற கம்பி ரம்பத்தால் வெட்டி எடுத்து, மூட்டைப் பொருத்திய பிறகு கீழே வெளிப்பக்கமாக இழுத்துக் கம்பியால் கட்டினார். இடுப்புத் தசைகள் இறுகி பந்தைக் கிண்ணத்துக்குள் அமுக்கிப் பிடிக்கும். அறுவையின்போது பார்வையும் தாராளமாகக் கிடைக்கும்.

முழுச் செட்டிலும் அதிகம் தொல்லை கொடுப்பது இந்த ட்ரோக்கன்டர் வெட்டுதான். வெட்டிய துண்டு சிறியதாக இருந்தால் கம்பி அதை அறுத்துக்கொண்டு வெளியே வரும். முறுக்கும்போது கம்பியில் மடிப்போ குறட்டின் பல்தடமோ விழுந்தால் சில மாதங்களில் அதே இடத்தில் அறுபடும். துண்டு ஒட்டாமல் மேலே ஏறிவிட்டால் நோயாளி பக்கவாட்டில் சாய்ந்து சாய்ந்துதான் நடப்பார். ஒட்டினாலும் கம்பி முடிச்சு தோலுக்கடியில் உறுத்தி, ஒருக்களித்துப் படுக்க விடாது. ரைட்டிங்டனிலேயே பணியாற்றிய கெவின் ஹார்டிஞ்ச் 1982இல் ட்ரோக்கன்டரை வெட்டாத பக்கவாட்டு வழியை வெளியிட்ட பிறகு பெரும்பாலோர் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். அதில் தப்பில்லை. ஆனால் ட்ரோக்கன்டர் இறுக்கத்தை விட்டுவிட்டு, பின்பக்க வழியாகப் போய், அதே 22 மி.மீ. பந்தை வைத்தால் நழுவும் அபாயம் கூடும். நம் ஊரில் குந்துவதும், தரையிலிருந்து எழும்போது முன்னால் குனிந்து முட்டியை உள்ளே திருப்புவதும் அன்றாடப் பழக்கம். அந்த அசைவில்தான் பந்து பின்பக்கமாக வெளியேறும்.

அடுத்து சிமென்ட். சார்ன்லி கொடுத்தவற்றில் இன்றும் கொள்கை மாறாமல் நிற்பது இது. மான்செஸ்டரில் பல்மருத்துவப் பொருட்களில் வேலை செய்த டென்னிஸ் ஸ்மித்தின் ஆலோசனையில், பல்செட்டுக்குப் பயன்படும் அக்ரிலிக்கை எலும்புக்குள் கொண்டுபோனார். இது பசை கிடையாது. கல்லுக்கும் சுவருக்கும் நடுவே இட்ட காரை போல இண்டு இடுக்கில் புகுந்து இறுகி, பளுவைப் பரப்பும். புகுவதற்கு இடமில்லாவிட்டால் பிடிப்பும் இல்லை.

ஒரு பொதி என்றால் பொதுவாக 40 கிராம் தூள், 20 மி.லி. திரவம். தூளில் பாலிமர் மணிகள், வினையைத் தொடங்க பென்சாயில் பெராக்சைடு, எக்ஸ்ரேயில் தெரிய சுமார் 10 சதவீதம் பேரியம் சல்பேட். திரவத்தில் மோனோமர், வினையை முடுக்கும் பொருள், புட்டிக்குள்ளேயே கெட்டியாகாமல் காக்கும் ஹைட்ரோகுயினோன். கிண்ணத்துக்கு ஒரு பொதி, தண்டுக்கு இரண்டு என்பது நடைமுறை. 23 டிகிரி அறையில் ஒரு நிமிடம் கலக்கல், கையுறையில் ஒட்டாத பதம் வர இரண்டு மூன்று நிமிடம், அதற்குப் பிறகு சில நிமிட வேலை நேரம், பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் முழு இறுக்கம். பிராண்டுக்குப் பிராண்டு இது மாறும். ஏ.சி. சரியில்லாத அறுவைத் தியேட்டரில் வேலை நேரம் சட்டென்று சுருங்கும்; தண்டு பாதி இறங்கிய நிலையில் சிமென்ட் இறுகிவிட்டால் உடைத்தெடுப்பதைத் தவிர வழியில்லை. கடிகாரத்தைச் சுவரில் தேடாமல், கலக்கத் தொடங்கிய நொடியிலிருந்து ஒருவர் உரக்க நிமிடம் சொல்லிக்கொண்டிருப்பது நல்லது. மிச்சச் சிமென்ட் உருண்டையை ஸ்க்ரப் நர்ஸ் கையில் வைத்திருப்பார். அது சூடாகிக் கல்லானாலும், உள்ளே இருப்பது உடல் வெப்பத்தில் அதற்குச் சற்று முன்பே இறுகியிருக்கும் என்பதை மனதில் வைக்க வேண்டும்.

சார்ன்லி கட்டைவிரல்களால் மேலிருந்து சிமென்ட்டை அமுக்கினார். அந்தப் பகுதி மட்டும் காலாவதியாகிவிட்டது. விரலால் அமுக்கும்போது நடுவில் காற்றும் இரத்தமும் மாட்டி அடுக்கு அடுக்காகப் பிரியும். இப்போது தண்டின் நுனியிலிருந்து சுமார் 2 செ.மீ. கீழே மஜ்ஜைக் குழாயை அடைப்பான் வைத்து மூடி, அழுத்தத் தாரையால் கொழுப்பு போகக் கழுவி, காய்ந்த துணிப்பட்டையால் ஒற்றி, வெற்றிடத்தில் கலந்த சிமென்ட்டைத் துப்பாக்கியால் கீழிருந்து மேலாக நிரப்பி, மேல்வாயை மூடி அழுத்துகிறார்கள். தண்டைச் சுற்றி எங்கும் குறைந்தது 2 மி.மீ. சிமென்ட் இருக்க வேண்டும். அழுத்தும் முன் மயக்க மருத்துவரிடம் சொல்லிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். மஜ்ஜைக் கொழுப்பு இரத்தத்தில் ஏறி இரத்த அழுத்தமும் ஆக்சிஜனும் சரிவது அந்த ஓரிரு நிமிடத்தில்தான். இடுப்பெலும்பு முறிந்து வரும் வயதானவர்களுக்கு அபாயம் அதிகம்.

ஆரம்பகாலத் தண்டுகள் உடைந்ததன் மூலகாரணமும் சிமென்ட்தான். கீழ்ப்பாதி இறுகிப் பிடித்திருக்க, மேல்பாதியில் சிமென்ட் விட்டுப்போனால் ஒவ்வொரு அடிக்கும் தண்டு வளையும். சில ஆண்டுகளில் உலோகம் அலுத்து நடுவில் ஒடியும். ஆர்ட்ரான் 90 என்ற வலுவான எஃகு வந்த பிறகு ஒடிவது அரிதாகிவிட்டது. மேல்பாதிச் சிமென்ட் மோசமாக இருந்தால் எஃகு ஒடியாது, தண்டு கழலும்; அவ்வளவுதான் வித்தியாசம்.

கிண்ணக் குழியைத் தயாரிக்கும் பழைய ரீமர் முறையை இப்போது யாருக்கும் பரிந்துரைக்க மாட்டோம். குழியின் நடுவில் 12.5 மி.மீ. வழிகாட்டித் துளை போட்டு, அதை அச்சாக வைத்து ஆழப்படுத்தி, பிறகு அகலப்படுத்துவார்கள். மையம் தவறாது என்பது உண்மை. ஆனால் துளை உட்சுவரைத் தாண்டினால் சிமென்ட் இடுப்புக்கூட்டுக்குள் ஒழுகும். அதைத் தடுக்கத் தொப்பி வடிவக் கம்பி வலை ஒன்று தேவைப்பட்டது. குருத்தெலும்புக்குக் கீழேயுள்ள கெட்டி எலும்புத் தகட்டைக் குடையாமல் காப்பாற்றி, அதில் பல சிறு துளைகள் போட்டுச் சிமென்ட் இறங்க வைப்பதே மேல்.

சிமென்ட்டும் உலோகமும் உடலுக்கு அந்நியம். ஒரு சில கிருமிகள் ஒட்டினாலும் ஆண்டுகள் கழித்துச் சீழாக வெளிப்படும். தொடக்கத்தில் சார்ன்லியின் நோயாளிகளில் சுமார் 7 சதவீதம் பேருக்கு ஆழ்தொற்று வந்தது. நெசவாலைக் காற்று வடிகட்டலில் தேர்ந்த ஹௌவர்த் என்ற பொறியாளரோடு சேர்ந்து, தியேட்டருக்குள் ஒரு கண்ணாடிக் கூண்டைக் கட்டி, வடிகட்டிய காற்றை மேலிருந்து இறக்கினார். பிறகு அறுவை செய்பவரின் மூச்சையும் தோல்துகளையும் குழாய் வழியே உறிஞ்சி வெளியேற்றும் அங்கி. முன்கூட்டிய ஆன்டிபயாட்டிக் இல்லாமலேயே தொற்று 1 சதவீதத்துக்குக் கீழே இறங்கியது. 1982இல் வெளியான பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் ஆய்வில், 8,000க்கும் மேற்பட்ட அறுவைகளில் சாதாரணத் தியேட்டரில் 1.5 சதவீதம், மிகச் சுத்தக் காற்றில் 0.6 சதவீதம்.

இன்றைய நிலவரம் குழப்பமானது. 2011இல் நியூசிலாந்து மூட்டுப் பதிவேட்டின் தரவு, சுத்தக் காற்றாலும் அங்கியாலும் லாபமில்லை என்றது. 2016இல் உலகச் சுகாதார நிறுவனம் லேமினார் காற்றோட்டம் (ஒரே திசையில் சீராகப் பாயும் வடிகட்டிய காற்று) வேண்டாம் என்றது. எங்கள் கணிப்பில் இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, ஆன்டிபயாட்டிக் வழக்கமான பிறகு காற்றின் பங்கு சுருங்கிவிட்டது. மற்றது, இப்போதைய ஹெல்மெட் அங்கி சார்ன்லியின் அங்கி அல்ல. அவருடையது காற்றை வெளியே உறிஞ்சியது; இப்போதையது விசிறியால் உள்ளே ஊதுகிறது. ஊதிய காற்று கையுறைக்கும் கைப்பகுதிக்கும் இடையிலுள்ள இடுக்கு வழியாகத்தான் வெளியேறும், அதுவும் நேரே காயத்தின் மேல். இதைப் பயன்படுத்துபவர்கள் அங்கியை முழுதாக மூடிய பிறகே விசிறியைப் போட வேண்டும். மணிக்கட்டில் கையுறை விளிம்பைச் சுற்றி இறுக மூட வேண்டும். கதவு திறந்து மூடும் எண்ணிக்கையைக் குறைப்பது காசில்லாத வேலை. அதைத்தான் யாரும் செய்வதில்லை.

நீண்டகாலக் கணக்கு என்ன சொல்கிறது? அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பொருத்திய 2,000 சார்ன்லி மூட்டுகளில் 25 ஆண்டுக்குப் பிறகும் மூட்டை மாற்றவோ அகற்றவோ நேராமல் நிற்கும் வாய்ப்பு 80.9 சதவீதம். வயது குறையக் குறைய இது இறங்கும்: 40 வயதுக்குக் கீழே பொருத்தியவர்களில், தொற்றில்லாத கழற்சியை மட்டும் கணக்கிட்டாலே 68.7 சதவீதம்தான். எழுபது வயதுக்காரருக்கு இதைவிட நம்பிக்கையான மூட்டைச் சொல்வது கடினம். நாற்பது வயதில் உடலுழைப்பு செய்பவருக்கு இந்தப் பழைய பாலிஎதிலீனை வைக்க இன்று நியாயமில்லை. மூலக்கூறுச் சங்கிலிகளுக்கு இடையே குறுக்குப் பிணைப்பு ஏற்றிய புதிய பாலிஎதிலீன் தேய்மானத்தை வெகுவாகக் குறைத்துவிட்டதால் 32 மி.மீ. பந்தையும் தாராளமாக வைக்கலாம்.

பழைய சார்ன்லி மூட்டோடு மறுஅறுவைக்கு வருபவர்களைக் கையாளும்போது ஒரு விஷயம் தப்பக் கூடாது. அசல் தண்டில் பந்தும் தண்டும் ஒரே துண்டு. பந்தை மட்டும் கழற்றி மாற்ற முடியாது. கிண்ணம் மட்டும் மாற்றுவதாக இருந்தால் உள்விட்டம் 22.225 மி.மீ.க்கான கிண்ணம் கைவசம் இருக்க வேண்டும். பெட்டியில் 22 என்று மட்டும் போட்டிருந்தால் அட்டவணையைப் பார்த்து உறுதிசெய்த பிறகே தியேட்டருக்குள் எடுக்க வேண்டும். பந்தில் கீறல் இருந்தால் தண்டையும் எடுத்தாக வேண்டும். பழைய வழவழப்பான தண்டு சிமென்ட்டிலிருந்து பெரும்பாலும் தட்டினாலே வெளியே வரும். உறையாக நிற்கும் சிமென்ட் எலும்போடு உறுதியாக ஒட்டியிருந்தால் அதை முழுதும் உடைக்க வேண்டாம். உட்புறத்தைச் சுரண்டிச் சொரசொரப்பாக்கி, நன்றாகக் காயவைத்து, இளகிய புதுச் சிமென்ட் விட்டு மெல்லிய தண்டை இறக்கினால் போதும். இரத்தம் ஒரு படலமாக நின்றாலும் பழைய சிமென்ட்டும் புதியதும் ஒட்டாது. தொற்று என்றால் மட்டும் ஒரு துணுக்கு விடாமல் எல்லாச் சிமென்ட்டும் வெளியே வந்தாக வேண்டும்.