'சாட்சி'யின் வேர் தேடுவோருக்கு: தமிழ் லெக்சிகனின் இணையப் பதிப்பு

ஒரு சொல்லின் பிறப்பை அறிய விரும்புவோர் முதலில் திறக்க வேண்டியது எது என்று கேட்டால், சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் என்றே இன்றும் சொல்வேன். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகவும் 1939இல் அனுபந்தமாகவும் வெளிவந்த அந்தப் பேரகராதி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்களைக் கொண்டது. 1926இல் பதிப்பாசிரியர் பொறுப்பேற்ற ச. வையாபுரிப்பிள்ளையின் உழைப்பு அதில் பக்கந்தோறும் தெரிகிறது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின்னகராதித் திட்டம் அதைத் தேடத்தக்க வடிவில் கட்டணமின்றி வழங்குகிறது. அந்தச் சேவை எவ்வளவு பயன்படும் என்று பார்க்க, நீதிமன்றத்திலும் வழிபாட்டிலும் அன்றாடப் பேச்சிலும் ஒருங்கே வழங்கும் 'சாட்சி' என்ற சொல்லை எடுத்துக்கொண்டேன்.

இப்பதிப்பின் பெரிய வசதி, தலைச்சொல்லில் மட்டுமன்றி விளக்கத்துக்குள்ளும் தேட முடிவதுதான். பொருள்கள் ஆங்கிலத்திலும் தமிழிலும் தரப்பட்டிருப்பதால், 'விட்னஸ்' என்ற ஆங்கிலச் சொல்லை இட்டே அப்பொருள் தரும் தமிழ்ச் சொற்களைத் திரட்டிவிடலாம். அச்சுத் தொகுதிகளைப் புரட்டுபவர், தமக்கு ஏற்கெனவே தெரிந்த சொல்லைத்தான் தேட முடியும். இங்கே, வழக்கொழிந்த 'கரி' கூட நம்மைத் தேடி வருகிறது. அடுப்புக்கரி, யானை, சாட்சி என ஒரே வடிவில் நிற்கும் வெவ்வேறு சொற்களை எண்ணிட்டுத் தனித்தனித் தலைச்சொற்களாகப் பிரித்திருக்கும் முறை, பொருள் மயக்கத்தைப் பெரிதும் தவிர்க்கிறது.

'கரி' என்பதே நம் பழைய இலக்கியத்தில் சாட்சிக்கு நின்ற சொல். பொய்ச்சாட்சி சொன்னவன் தங்கிய மரம் வாடுவதைக் கலித்தொகை உவமையாக்குகிறது. சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதையோ, சதுக்கப்பூதம் என்னும் நாற்சந்திப் பூதம் பாசக்கயிற்றால் பிணிக்கும் குற்றவாளிகளின் வரிசையில் 'பொய்க்கரியாளர்' என்று பொய்ச்சாட்சி சொல்வோரை நிறுத்துகிறது. குறளில் 'இந்திரனே சாலுங் கரி' என்று வரும் இடத்தைப் பரிமேலழகர் 'அமையும் சான்று' என்று விளக்குகிறார். உரைகாரர் காலத்துக்குள் 'கரி' விளக்கம் வேண்டும் சொல்லாகிவிட்டது என்பதற்கு இதைவிட நல்ல தடயம் எனக்குத் தெரியவில்லை. அந்த அடியில் கரிக்குப் பக்கத்திலேயே நிற்கும் 'சால்' என்ற வினை நிறைதல், அமைதல், தகுதல் என்னும் பொருள்களைத் தருவது. சால்பும் சான்றோரும் அதன் வழி வந்த சொற்கள். செல் என்பதிலிருந்து சென்று அமைவதுபோல் சால் என்பதிலிருந்து சான்று அமைந்தது என்று கொள்வதே பொருத்தம் என நான் கருதுகிறேன்.

'சாட்சி'யின் வழி வேறு. வடமொழியிலிருந்து வந்த சொற்களுக்கு மூலவடிவத்தைக் குறியிட்டுக் காட்டுவது லெக்சிகனின் வழக்கம். ஆகவே 'சாக்ஷின்' வரை சிரமமின்றிச் சென்றுவிடலாம். அதற்கு மேல் செல்ல வடமொழி இலக்கணம் வேண்டும். 'சாட்சாத் அவரேதான்' என்று நாம் சொல்லும்போது வரும் அதே 'சாக்ஷாத்' என்பதிலிருந்து, நேரில் கண்டவன் என்னும் பொருளில் இச்சொல் அமைவதைப் பாணினி தனிச் சூத்திரத்தில் கூறுகிறார். அதன் உள்ளே இருப்பது 'அக்ஷ' என்னும் கண். கண்ணால் கண்டதை முன்னிறுத்தும் சொல் ஒன்றும், போதுமானதாக அமைவதை முன்னிறுத்தும் சொல் ஒன்றும் தமிழில் அருகருகே வாழ்கின்றன என்பது எனக்குப் பெருமகிழ்ச்சி தந்த செய்தி. மலாய் மொழியின் 'சக்சி'யும் இதே வடமொழிச் சொல்லே.

குறை என்று சொல்ல வேண்டுமானால், லெக்சிகன் மேற்கோள் காட்டும் நூலின் பெயரைச் சுருக்கக் குறியாகத் தருகிறதே தவிர, காலத்தைத் தருவதில்லை. 'கரி' எப்போது மங்கியது, 'சாட்சி' எப்போது மேலெழுந்தது என்பதை வாசகரே நூல்களின் காலத்தை வைத்துக் கணித்துக்கொள்ள வேண்டும். பொருள் நகர்ந்த கதையும் அதில் கிடைக்காது. கிரேக்கத்தில் சாட்சியைக் குறித்த 'மார்ட்டிஸ்' என்ற சொல்லே, நம்பிக்கைக்காக உயிர்விட்டவரைக் குறிக்கும் சொல்லாக வளர்ந்தது. அரபியில் 'ஷாஹித்' சாட்சியையும், அதே வேரில் பிறந்த 'ஷஹீத்' தியாகியையும் குறிக்கின்றன. தமிழ்க் கிறித்தவ வழக்கின் 'இரத்தசாட்சி' இந்த நீண்ட தொடர்ச்சியில் வைத்துப் பார்க்க வேண்டிய சொல். அவ்வகை ஒப்பீட்டைத் தமிழ் அகராதியிடம் எதிர்பார்ப்பது நியாயமாகாது என்றாலும், தேடுபவர் வேறு அகராதிகளையும் கையில் வைத்திருக்க வேண்டும்.

இன்றைய வழக்குக்கும் லெக்சிகன் போதாது. பேசுகிற மனிதரைச் சாட்சி என்றும், காட்டுகிற ஆவணத்தைச் சான்று என்றும் பெரும்பாலும் பிரித்து வழங்கும் போக்கையும், சான்றிதழ், சான்றொப்பம் போன்ற அலுவலகச் சொற்களையும் அறிய, 1992இல் முதலில் வெளிவந்து பின்னர் விரிவாக்கப்பட்ட க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியை உடன் வைத்துக்கொள்வது நல்லது. திராவிட மொழிகளில் இனச்சொற்களைத் தேடுவோருக்கு, பரோ, எமனோ இருவரும் தொகுத்த வேர்ச்சொல் அகராதி அதே சிகாகோ தளத்திலேயே கிடைக்கிறது.