எத்தனாலும் டைமெத்தில் ஈதரும்: நிறை ஒன்று, கொதிநிலை வேறு

எத்தனால், டைமெத்தில் ஈதர் ஆகிய இரண்டிலும் இரு கார்பன், ஆறு ஹைட்ரஜன், ஓர் ஆக்சிஜன் அணுக்களே உள்ளன. மூலக்கூறு நிறையும் 46தான், இரண்டும் முனைவுள்ளவையே, அதாவது மூலக்கூற்றின் ஒரு பக்கம் சிறிது நேர்மின்னூட்டமும் மறுபக்கம் சிறிது எதிர்மின்னூட்டமும் கொண்டவையே. ஆயினும் எத்தனால் 78 டிகிரி செல்சியஸில் கொதிக்க, ஈதரோ சுழியத்துக்குக் கீழே 24 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. நூறு டிகிரிக்கும் மேற்பட்ட இந்த இடைவெளியை முனைவுத்தன்மையை மட்டும் கொண்டு விளக்க முடியாது என்பதே மாணவர்கள் நின்று கவனிக்க வேண்டிய இடம்.

எத்தனாலில் ஒரு ஹைட்ரஜன் நேரடியாக ஆக்சிஜனோடு பிணைந்திருப்பதால், பக்கத்து மூலக்கூற்றின் ஆக்சிஜனில் உள்ள, பிணைப்பில் சேராத தனித்த இரட்டை எலக்ட்ரான்கள் அதை ஈர்க்க, ஹைட்ரஜன் பிணைப்பு உருவாகிறது. ஈதரின் ஹைட்ரஜன்கள் அனைத்தும் கார்பனோடு இணைந்தவை. அதன் மூலக்கூறுகளைச் சேர்த்துப் பிடிப்பவை முனைவுள்ள மூலக்கூறுகளுக்கு இடையிலான வலுக்குறைந்த இருமுனை ஈர்ப்பும், எலக்ட்ரான்களின் கணநேர அசைவால் எழும் லண்டன் விசையும் மட்டுமே. உள்ளங்கையில் இட்ட எத்தனால் சில நொடிகள் ஈரமாக நின்று, சில்லென்று குளிர்வித்து மறைகிறது. ஈதரை அறை வெப்பநிலையில் திரவமாக வைத்திருக்கவே அழுத்தம் ஏற்றிய சிலிண்டர் தேவைப்படுகிறது.