கப்பலில் ‘ஸ்பெஷல் டின்னர்’ என்று 38,400 ரூபாய் வாங்கிக்கொண்டு இலவசச் சாப்பாட்டைக் கொடுத்தார்கள்

சிங்கப்பூரிலிருந்து பினாங்கு போய்வரும் மூன்று இரவுக் கப்பலுக்கு டிக்கெட் போட்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள். எங்களுக்குக் கேபினை விற்ற ஆன்லைன் டிராவல் தளம், நாலு பேருக்கு மூன்று இரவு ‘ஸ்பெஷல் டின்னர் பேக்கேஜ்’ என்று 38,400 ரூபாய் தனியாக வாங்கியது. கப்பலில் அப்படி ஒரு புக்கிங்கே இல்லை.

எப்படி நம்ப வைக்கிறார்கள் என்பதுதான் முக்கியம். கேபினுக்குப் பணம் கட்டிய மறுநாள் வாட்ஸ்அப்பில் ஸ்டேக் ஹவுஸ் (தனிக் கட்டணம் வாங்கும் இறைச்சி உணவகம்) போட்டோ, லாப்ஸ்டர் போட்டோ, கப்பலின் தள வரைபடம் எல்லாம் வரும். “மெயின் டைனிங்ல கூட்டம் தாங்காது சார், ஃபேமிலியா நிம்மதியா உக்கார முடியாது” என்று ஒரு போன். மெயின் டைனிங் என்பது டிக்கெட்டுக்குள்ளேயே சாப்பாடு போடும் பொது உணவுக்கூடம். கணக்கும் சரியாகத்தான் இருக்கும்: ஒருவருக்கு ஒரு இரவு 3,200 ரூபாய். பெரிய கப்பல்களில் ஸ்டேக் ஹவுஸுக்குத் தலைக்கு 50 டாலருக்கு மேலேயே போகும், அதன்மேல் 18 முதல் 20 சதவீதம் டிப்ஸைத் தானாகவே சேர்ப்பார்கள். அதோடு ஒப்பிட்டால் 3,200 மலிவு. அந்த மலிவுதான் தூண்டில். பணம் போனதும் ‘கன்ஃபர்மேஷன் நம்பர்’ ஒன்று வரும். அது வேறொன்றுமில்லை, கேபின் புக்கிங் நம்பரையே திரும்ப அனுப்பியிருக்கிறார்கள்!

முதல் இரவு ஸ்டேக் ஹவுஸ் வாசலில் டேப்லெட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு, “உங்கள் பெயர் இல்லை, வேண்டுமானால் இப்போது பணம் கட்டிச் சாப்பிடலாம்” என்றார்கள். கெஸ்ட் சர்வீஸ் கவுண்டரில் கணக்கை அச்செடுத்துக் கொடுத்தார்கள். கேபின் கட்டணம், துறைமுக வரி. டைனிங் என்று ஒரு வரிகூட இல்லை.

இரண்டாம் இரவுதான் உச்சம். தளம் ‘கேப்டன்ஸ் காலா டின்னர்’ என்று விற்றது எதுவென்றால், மெயின் டைனிங் ரூமில் கப்பலில் உள்ள அத்தனை பேருக்கும் டிக்கெட்டுக்குள்ளேயே போடுகிற ஃபார்மல் நைட் சாப்பாடு. அன்றைக்கு மெனு கொஞ்சம் பணக்காரத்தனமாக இருக்கும், எல்லோரும் கோட்டு போட்டு வருவார்கள், அவ்வளவுதான். அதற்குத் தனிக் கட்டணமே கிடையாது. மூன்றாம் இரவுக்கு என்ன என்று கேட்டால், “பஃபே இருக்கிறதே” என்று பதில். அதுவும் இலவசம். ஆக 38,400 ரூபாய்க்குக் கிடைத்தது ஏற்கெனவே பணம் கட்டிய சாப்பாடு.

அதன்பிறகு பந்தாட்டம். தளத்தைக் கேட்டால் “கப்பல்ல கேளுங்க”. கப்பலில் “உங்கள் ஏஜென்ட்டைக் கேளுங்கள், அவர் எங்களுக்கு எதுவும் கட்டவில்லை”. ஊருக்கு வந்து மெயில் போட்டால், “கப்பல் கிளம்பிய பிறகு ஆட்-ஆனுக்கு (டிக்கெட்டுக்கு மேல் தனியாக வாங்கியதற்கு) ரீஃபண்ட் கிடையாது”. அச்செடுத்த கணக்கை அனுப்பினால், “சேவை தரப்படவில்லை என்று கப்பலிடமிருந்து கடிதம் வேண்டும்”. அடுத்த மெயிலுக்குப் பதிலே இல்லை. புகார் ‘தீர்க்கப்பட்டது’ என்று மூடிவிட்டார்கள். கடைசியாக சூப்பர்வைசர் ஒருவர் பேசி, அடுத்த பயணத்துக்கு 3,000 ரூபாய் வவுச்சர் தருகிறாராம். போனது 38,400!

நிஜமான ஸ்பெஷல் டைனிங் எப்படி இருக்கும் என்று தெரிந்தால் இந்த வலையில் விழ வேண்டாம். உணவகத்தின் பெயர், தேதி, நேரம், எத்தனை பேர் — இந்த நாலும் கப்பல் கம்பெனியின் ஆப்பில் உங்கள் பயண நாட்காட்டியில் தெரியும். அங்கே தெரியாத புக்கிங் புக்கிங்கே அல்ல. கட்டணத்துக்குள் ஸ்டார்ட்டர், மெயின், டெசர்ட் வரும். மதுவும் பாட்டில் பானங்களும் பெரும்பாலும் சேராது. பேக்கேஜ் வாங்கியிருந்தாலும் லாப்ஸ்டர், வாக்யூ (விலை உயர்ந்த ஜப்பானிய மாட்டிறைச்சி) மாதிரியானவற்றுக்கு மேல்கட்டணம் கேட்கலாம். பத்துப் பதினைந்து பேரை மட்டும் உட்கார வைக்கும் ஷெஃப்ஸ் டேபிள் பல பேக்கேஜ்களில் அடங்காது. ஏழு, எட்டு மணி இடங்கள் முதலில் தீரும். பேக்கேஜ் மட்டும் வாங்கி நேரம் குறிக்காதவர்களுக்குச் சாயங்காலம் ஐந்தரையோ ராத்திரி ஒன்பதரையோதான் மிஞ்சும். புக் செய்துவிட்டுப் போகாமல் இருந்தால் அதற்கும் பணம் பிடிப்பார்கள்.

சுத்த சைவக்காரர்களுக்கு: ஸ்டேக் ஹவுஸில் உங்களுக்குக் கிடைக்கப்போவது காளான், உருளைக்கிழங்கு, கீரை, கட்டணமோ கறி சாப்பிடுகிறவருக்குள்ள அதே கட்டணம். மெயின் டைனிங்கில் ஹெட் வெயிட்டரிடம் முந்தின இரவே சொன்னால் பல கப்பல்களில் பருப்பு, சப்ஜி, சோறு செய்து தருகிறார்கள், காசில்லாமல். ஜெயின் உணவு என்றால் கிளம்புவதற்குச் சில வாரங்கள் முன்பே எழுதிக் கேட்க வேண்டும்.

இன்னும் நிறைய எழுத நினைத்தேன், கை நடுங்குகிறது. சுருக்கமாக: சாப்பாட்டு பேக்கேஜைக் கப்பல் கம்பெனியின் ஆப்பிலேயே வாங்குங்கள். ‘காலா’ என்ற பெயரில் யார் காசு கேட்டாலும் கொடுக்காதீர்கள். ஏமாந்தது தெரிந்தால் இறங்குவதற்கு முன்பே கவுண்டரில் கணக்கின் அச்சும், புக்கிங் இல்லை என்று ஒரு மெயிலும் வாங்கிவிடுங்கள். இறங்கிய பிறகு யாரும் சீண்ட மாட்டார்கள். கார்டில் கட்டியிருந்தால் தாமதிக்காமல் வங்கியில் டிஸ்ப்யூட் (அந்தப் பணத்தைத் திரும்பக் கேட்கும் புகார்) போடுங்கள், அதற்குக் கெடு உண்டு. நுகர்வோர் உதவி எண் 1915. வவுச்சரை எக்காரணம் கொண்டும் ஏற்றுக்கொள்ளாதீர்கள், ஏற்றால் விவகாரம் முடிந்தது என்று எழுதி வாங்கிக்கொள்வார்கள்.