ஆலை லாக் கோப்புகளை இணைக்க ‘சார்ட்’: நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

தெலுக் இந்தான் வட்டாரத்துச் செம்பனை ஆலை ஒன்றில் எடை மேடை, கொதிகலன், குலைகளை வேகவைக்கும் ஸ்டெரிலைசர் ஆகியவற்றின் கருவிகள் தனித்தனியே எழுதும் லாக் கோப்புகளை (நேரம் குறித்த நிகழ்வுப் பதிவுகளை) நேர வரிசையில் ஒன்றாக்க, லினக்ஸ் இயங்குதளத்தில் வரிகளை வரிசைப்படுத்தும் சார்ட் (sort) கட்டளையிலுள்ள ‘மைனஸ் எம்’ (-m) வசதியைத்தான் சில ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். ஒவ்வொரு கோப்பிலும் முன்னால் நிற்கும் வரியை மட்டும் ஒப்பிட்டு, நேரத்தால் முந்தியதை வெளியே விடுவதால், பெரிய கோப்புகளையும் சாதாரண மடிக்கணினியே சமாளிக்கிறது.

ஆனால், ஒவ்வொரு கோப்பும் ஏற்கெனவே வரிசையில் இருப்பதாக அது நம்பிக்கொள்கிறது, சரிபார்ப்பதுமில்லை, எச்சரிப்பதுமில்லை. மின்னலில் மின்சாரம் போய்த் திரும்பியதும், கடிகார பேட்டரி செத்த கருவி ‘1970 ஜனவரி 1, காலை 7:30’ என்று எழுதத் தொடங்கும். (கணினிகள் நேரத்தை எண்ணத் தொடங்கும் புள்ளியான யுனிக்ஸ் நேரத்தின் தொடக்கம், அதாவது உலக நேரப்படி அன்றைய நள்ளிரவு 0:00, இங்கே 8:00 ஆகத் தெரியாததற்குக் காரணம், தீபகற்ப மலேசியா அன்று உலக நேரத்தைவிட ஏழரை மணி நேரமே முன்னிலையில் இருந்ததுதான், எட்டு மணி நேரமானது 1982 ஜனவரி 1 முதல்.) வேடிக்கை என்னவென்றால், இந்தப் பழைய தேதியால் இணைப்பில் பெரிய கெடுதல் இல்லை. முன்னால் வந்த உடனேயே வெளியேறிவிடுவதால், அவ்வரிகள் தமக்கு முந்தைய வரியை ஒட்டியே விழுகின்றன. எல்லாவற்றையும் புதிதாக வரிசைப்படுத்தினால்தான் அவை கோப்பின் உச்சிக்குப் போய்த் தொடர்பு அறுந்துவிடும்.

உண்மையான தொல்லை, முன்னே ஓடிவிட்ட கடிகாரம். 10:02க்குரிய வரிக்கு முன்னால் 14:00 என்று ஒரே ஒரு வரி தவறாக நுழைந்துவிட்டால் போதும். எடை மேடையில் பழுதாகி நின்ற லோரியைப் போல அது வழியை அடைத்துக்கொள்ள, பின்னாலுள்ள வரிகள் யாவும் மற்றக் கோப்புகள் 14:00ஐ எட்டும்வரை கிடக்கும். கொதிகலன் கோப்பில் இது நேர்ந்தால், அழுத்தம் குறைந்ததால் ஸ்டெரிலைசருக்கு நீராவி போதாமற்போன நிகழ்வு தலைகீழாகி, விளைவு முன்னும் காரணம் பின்னுமாகத் தெரியும்.

ஆகவே, இணைக்கும் முன் அதே கட்டளையின் ‘மைனஸ் சி’ (-c) கொண்டு ஒவ்வொரு கோப்பையும் சோதிப்பது கட்டாயம். வரிசை பிறழ்ந்த முதல் வரியை அது காட்டிக்கொடுக்கும். சில விநாடிப் பிறழ்வுகளுக்கு, வரிகளைச் சற்று நிறுத்திவைத்து அடுக்கிவிடும் சிறு நிரல் ஒன்றை முன்னால் வைத்திருக்கிறேன். அந்தக் காத்திருப்பையும் தாண்டித் தாமதமானவற்றின் நேரத்தைத் திருத்தாமல், வந்துசேர்ந்த நேரத்தையும் சேர்த்துத் தனிக் கோப்பில் போடுவதே விசாரணைக்கு உதவுகிறது.

கருவிகளுக்கிடையே கடிகாரங்கள் விலகுவதை இந்தச் சோதனை கண்டுபிடிக்காது. பத்து இலட்சத்தில் 20 பங்கு பிழையுள்ள கடிகாரப் படிகம் நாளுக்கு ஏறக்குறைய 1.7 விநாடி விலகும். அதற்கு, வலையமைப்பு வழியே கடிகாரங்களைச் சரிசெய்யும் என்டிபி (NTP) நெறிமுறை மூலம் நேரத்தை ஒத்திசைப்பதே வழி. ஒரே நேரமுள்ள வரிகளுக்கு, வரியில் நேரம் உள்ள பகுதியை மட்டும் ஒப்பிடச் சொல்லி ‘மைனஸ் எஸ்’ (-s) சேர்த்தால், கோப்புகளைக் கொடுத்த வரிசையே நிலைக்கும். நிகழ்வுகளை உடனுக்குடன் காட்டும் நேரடித் திரைக்கு மட்டும் இதை நான் பரிந்துரைக்கமாட்டேன். எழுதி முடிந்த கோப்புகளுக்கே இது ஏற்றது.