கீழக்கரைக் கடையில் வாங்கிய கீழாநெல்லி கேப்சூல்: மூன்று மாத அனுபவம்

கீழக்கரையில் எங்கள் வீட்டுக்கு அடுத்த தெருவில் உள்ள நாட்டு மருந்துக் கடையில், கல்லீரல் கொழுப்புக்கென்று விற்கப்படும் கீழாநெல்லி கேப்சூலை வாங்கி மூன்று மாதம் சாப்பிட்டேன். வயிற்று ஸ்கேனில் கொழுப்பு இரண்டாம் நிலை என்று வந்தபோது என் எடை 82 கிலோ, கல்லீரல் பாதிப்பைக் காட்டும் இரத்தப் பரிசோதனை எண்ணான எஸ்.ஜி.பி.டி. 84. மதுவைத் தொட்டதே இல்லாத எனக்கு இது எப்படி வந்தது என்று பல நாள் தூக்கம் கெட்டது. மருத்துவர் மாத்திரை எழுதவில்லை. எடையில் 7 முதல் 10 சதவீதம் குறைந்தால் கல்லீரல் தானாகத் தேறும் என்று மட்டும் சொன்னார்.

கடையைப் பற்றி மனமாரப் பாராட்டவே தோன்றுகிறது. ஊரே காக்கா (அண்ணன்) என்று அழைக்கும் கடைக்காரப் பெரியவர், "ரிப்போர்ட்டு கொண்டாந்தீங்களா தம்பி? சுகருக்கு மாத்திரை எதுவும் எடுக்கிறீங்களா?" என்று கேட்ட பிறகே மருந்தை எடுத்தார். பச்சைச் செடியையும் காட்டி, இலைக் காம்பின் அடியில் வரிசையாகக் காய் தொங்குவதால்தான் அதற்குக் கீழாநெல்லி என்று பெயர் என்றும், அதைப் போலவே இருக்கும் வேறு செடிகள் கட்டுகளில் கலந்து வருவதுண்டு என்றும் விளக்கினார். பொருள் தெரிந்து விற்கிறவர் அவர்.

என் குறையெல்லாம் டப்பாவின் மேல்தான். 60 கேப்சூல், 240 ரூபாய். உரிம எண்ணும் தயாரிப்புத் தேதியும் ஒழுங்காக இருந்தன. ஆனால் உட்பொருளைப் பற்றி "கீழாநெல்லிப் பொடி 500 மி.கி." என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை. இந்தச் செடியில் ஆய்வாளர்கள் முக்கியமாக அளந்து பார்க்கும் பில்லாந்தின் என்ற சேர்மம், செடி வளர்ந்த மண்ணையும் பறித்த பருவத்தையும் பொறுத்துக் கூடிக் குறையும்; அந்த அளவைச் சொல்லாதபோது, சென்ற மாத டப்பாவும் இந்த மாத டப்பாவும் ஒரே மருந்துதானா என்று சாப்பிடுகிறவர் எப்படி அறிவார்?

அதைவிட வருத்தம் தந்தது, டப்பாவில் இருந்த "ஆய்வில் நிரூபிக்கப்பட்டது" என்ற வாசகம். கீழாநெல்லிக்கு உலகப் புகழ் தேடித் தந்தது, சென்னையில் தியாகராஜன் குழுவினர் நடத்தி 1988இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வு. 30 நாள் மருந்து உண்ட 37 பேரில் 22 பேரின் இரத்தத்திலிருந்து கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமியின் அடையாளம் மறைந்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மருந்தில்லாத கேப்சூல் உண்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே மறைந்தது. பின்னர் வேறு இடங்களில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் திரும்பக் கிடைக்கவில்லை. எப்படியிருந்தாலும் அது கிருமிக்கான ஆய்வு, கொழுப்புக்கானது அன்று. நம் மண்ணில் நடந்த அருமையான முயற்சியை, அது சொல்லாத ஒன்றுக்குச் சாட்சியாக நிறுத்துவது அந்த ஆய்வுக்கே இழைக்கும் அநீதி.

மூலிகைதானே என்று அளவில்லாமல் உண்பதும் ஆபத்து. கொரோனா காலத்தில் சீந்தில் தொடர்ந்து உண்ட சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதை மும்பை மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். அதனால் நான் மாதந்தோறும் இரத்தப் பரிசோதனை செய்துகொண்டேன். பக்க விளைவு எதுவும் இல்லை.

மூன்றாம் மாத முடிவில் எஸ்.ஜி.பி.டி. 51, எடை 76 கிலோ. எண்கள் மகிழ்ச்சி தந்தாலும், அதே மூன்று மாதத்தில் இரவு பரோட்டாவையும் சீனி போட்ட தேநீரையும் விட்டேன். விருந்துக்குப் போன வீடுகளில் தொதல் இனிப்புத் தட்டை நகர்த்தி வைத்தேன். விடியற்காலையில் கடற்கரையில் ஒரு மணி நேரம் நடந்தேன். 6 கிலோ என்பது மருத்துவர் சொன்ன 7 சதவீதத்தைத் தாண்டிய குறைவு. கேப்சூல் இல்லாமலும் இந்த எண் இவ்வளவு இறங்கியிருக்கக்கூடும் என்பதால், இதை மருந்து என்று யாருக்கும் பரிந்துரைக்க என் மனம் ஒப்பவில்லை. அடுத்த டப்பா வாங்கவில்லை, நடையைத் தொடர்கிறேன்.

இதைக் காக்காவிடம் நேரில் சொன்னேன். அவர் என் முதல், கடைசி அறிக்கைகள் இரண்டையும் வாங்கிப் பார்த்துவிட்டு, கல்லாப்பெட்டி அருகே வைத்திருக்கும் குறிப்பேட்டில் எஸ்.ஜி.பி.டி. எண்களை எழுதினார், பிறகு என் எடையையும் கேட்டு, அதற்குப் பக்கத்திலேயே குறித்துக்கொண்டார்.