ஸ்டாக்கில் உருகி ஒட்டிய பிளாஸ்டிக்: ஆட்டோசோல் எதற்கு உதவும், எதற்கு உதவாது

நான் ஓட்டுவது பீட்டர்பில்ட் 389 ட்ரக், கபினுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் கண்ணாடி மாதிரி மினுக்கிய ஸ்டெயின்லெஸ் ஸ்டாக், அதாவது நிமிர்ந்து நிற்கிற புகைக் குழாய். போன மாதம் மொன்றியலில் இருந்து ரொறொன்ரோ வரும்போது, 401 நெடுஞ்சாலையில் கிங்ஸ்டன் தாண்டியதும் முன்னால் பலகை ஏற்றிப் போன ட்ரெயிலரின் பிளாஸ்டிக் உறை கிழிந்து பறந்து வந்து வலது ஸ்டாக்கில் சுற்றிவிட்டது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப் பார்த்தால் முழ நீளத்துக்கு உருகி, ஓரமெல்லாம் கருகி, பாலாடை மாதிரிச் சுருங்கி ஒட்டியிருக்கிறது. மனம் விட்டுப் போய்விட்டது.

உலோகம் மினுக்குகிற ஆட்டோசோல் பசை டியூப் ஒன்று எப்போதும் வண்டியில் இருக்கும், ஜெர்மனி சாமான், பல வருடமாகப் பாவிக்கிறேன். அதை எடுத்து அரை மணி நேரம் தேய்த்தேன், ஒன்றும் அசையவில்லை. அசையாதுதான், அது மினுக்கும் பசை, பிளாஸ்டிக்கைக் கரைக்கிற சாமான் அல்ல. அசிட்டோனும் வேண்டாம், இந்த உறைகள் பெரும்பாலும் பொலிஎதிலீன், அசிட்டோனில் கரையாது, சூடான குழாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனால் தீப்பிடிக்கிற ஆபத்து வேறு.

பிளாஸ்டிக்கை எடுத்தது சூடான காற்று ஊதுகிற ஹீட் கன்னும் பிளாஸ்டிக் சுரண்டியும்தான். பொலிஎதிலீன் 110, 120 பாகை செல்சியஸிலேயே இளகிவிடும், அதனால் குறைந்த சூட்டில் ஓரத்தில் இருந்து காட்டிக்கொண்டே மெதுவாகத் தள்ளினால் நாடா நாடாவாகச் சுருண்டு வரும். புகை வந்தால் சூடு கூடிவிட்டது, உடனே தள்ளிப் பிடியுங்கள். இதைத் திறந்தவெளியில்தான் செய்ய வேண்டும்.

அப்புறம் மிஞ்சியது பழுப்பு நிறப் படலம். குழாய் நன்றாக ஆறிய பிறகு அவண் கழுவுகிற ஸ்பிரே அடித்து, இருபது நிமிடம் விட்டு, தண்ணீர் விட்டுத் துடைத்தேன். அதில் இருப்பது கடுமையான காரம், கையுறையும் கண்ணாடியும் போடாமல் தொடவே வேண்டாம். கீழே இருக்கிற அலுமினியம் டாங்கையும் படியையும் முதலே மூடிவிடுங்கள், காரம் அலுமினியத்தைத் தின்றுவிடும். நான் படியை மூட மறந்தேன், சொட்டு விழுந்த இடத்தில் வெள்ளைத் தழும்பு இன்னும் இருக்கிறது.

இரும்புக் கம்பளி வேண்டவே வேண்டாம். அதன் துகள் ஸ்டெயின்லெஸில் தங்கித் துருப்பிடிக்கும், ஒன்ராறியோ குளிர்கால உப்பும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். பச்சை நிறத் தேய்ப்பானும் கீறிவிடும்.

இனித்தான் ஆட்டோசோலின் வேலை, இங்கே அதை மனதாரப் பாராட்டுகிறேன். பழைய பருத்தி பனியன் துணியில் கடலையளவு பசை, ஒரு கையகல இடம், அவ்வளவுதான் ஒரு தடவைக்கு. துணி கன்னங்கரேல் என்று ஆகும், பயப்பட வேண்டாம், பசை வேலை செய்கிறது என்று அர்த்தம். சுரண்டியின் மெல்லிய கோடுகளும் சூட்டில் ஏறியிருந்த பொன்னிறமும் போய்விட்டன. கடைசியில் மிஞ்சுகிற எண்ணெய்ப் பசைக்கு, ரொட்டிக்கு வைத்திருந்த கோதுமை மாவைத் தூவி வேறு துணியால் வடிவாகத் துடைத்தேன், பழைய ட்ரக் ஓட்டுநர்கள் சொல்லித்தந்த வழி அது.

குறை என்றால் இரண்டு ஸ்டாக்கும் முழுதாக மினுக்கச் சின்ன டியூப் ஒன்று காணாது, கையால் செய்தால் அரை நாள் போய்விடும். இன்னொன்று, ஸ்டாக்கில் காந்தம் வைத்துப் பாருங்கள், இழுத்து ஒட்டினால் பெரும்பாலும் அது குரோம் பூசிய இரும்பு, அந்தப் பூச்சு மெல்லியது, அழுத்தித் தேய்க்காதீர்கள்.