ஒரே யூனிட்டா, தனித்தனியா? மின்சாரம் இல்லாத நேரத்துக்கு எந்தக் கம்ப்ரஸர்?

2023-இல் தென்னாப்பிரிக்காவில் லோட்ஷெடிங், அதாவது முறை வைத்து மின்சாரத்தை நிறுத்துவது, மிகக் கடுமையாகி ஆறாம் ஸ்டேஜ் வரை போனபோது, டர்பனில் பஞ்சர் கடையும் பெயின்ட் பட்டறையும் வைத்திருந்த எங்களுக்கெல்லாம் ஒரே கேள்விதான். ஜெனரேட்டரும், காற்றை அழுத்தி டேங்கில் நிரப்பும் கம்ப்ரஸரும் ஒரே எஞ்சினில் ஓடும் யூனிட்டை வாங்குவதா, இல்லை ஜெனரேட்டர் தனி, கரண்ட் கம்ப்ரஸர் தனி என்று வைத்துக்கொள்வதா? டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில், வீட்டுப் பின்கட்டில்தான் என் பட்டறை. இரண்டிலும் வேலை பார்த்திருக்கிறேன். எல்லோரும் முதலில் விலையைக் கேட்கிறார்கள். எஞ்சினை எங்கே நிறுத்தப் போகிறீர்கள் என்பதை முதலில் யோசியுங்கள் என்பேன்.

காரணம் இருக்கிறது. ஒரு மழை இரவில் ஜெனரேட்டர் நனையுமே என்று அதைப் பட்டறைக்குள் இழுத்து வைத்து, ஷட்டரைப் பாதி திறந்து விட்டேன். அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது, தம்பி "அண்ணா, தலை சுத்துது" என்று சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். எனக்கும் நெற்றி வலித்தது, பசி என்று நினைத்திருந்தேன். எஞ்சின் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. பாதி திறந்த கதவு அதற்குப் போதாது. வாசலிலிருந்தும் ஜன்னலிலிருந்தும் குறைந்தது ஆறு மீட்டர் தள்ளி எஞ்சினை நிறுத்தி, புகைக்குழாயை ஆட்கள் இல்லாத பக்கம் திருப்பி வைக்க வேண்டும்.

இந்த விஷயத்தில் தனித்தனியாக வாங்குவது நல்லது. எஞ்சின் வெளியே நிற்கும், ஒயர் மட்டும் உள்ளே வரும். ஆனால் அதற்கென்று ஒரு தொல்லை உண்டு. 2 ஹெச்பி கம்ப்ரஸர் ஓடும்போது இழுப்பது ஒன்றரை கிலோவாட்டுக்குச் சற்று மேல். கிளம்பும் அந்த நொடியில் மோட்டார் அதைப்போலப் பல மடங்கு கரண்ட் கேட்கும். 3 கேவிஏ (ஜெனரேட்டரின் திறனைச் சொல்லும் அளவு) ஜெனரேட்டர் பெரும்பாலும் அங்கேயே திணறிவிடும். மோட்டார் சுற்றாமல் முனகினால் உடனே அணையுங்கள், விட்டால் மோட்டாரின் கம்பிச்சுருள் எரிந்துவிடும். 5 கேவிஏவுக்குக் குறைந்து நான் வாங்க மாட்டேன். மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயரை நீளமாக இழுத்தாலும் இதே கதைதான், வோல்டேஜ் விழுந்துவிடும். 2.5 சதுர மில்லிமீட்டர் கேபிள் போடுங்கள், சுருட்டி வைத்தபடி ஓட்டாதீர்கள். கம்ப்ரஸர் நின்றதும் பம்பிலும் குழாயிலும் மிஞ்சிய காற்று 'புஸ்' என்று வெளியேற வேண்டும். அந்தச் சத்தம் கேட்கவில்லை என்றால் அந்தக் காற்றை வெளியேற்றும் அன்லோடர் வால்வைப் பாருங்கள், இல்லையென்றால் அடுத்த முறை மோட்டார் பாரத்தோடு கிளம்ப வேண்டி வரும்.

ஒரே யூனிட்டில் இந்த ஸ்டார்ட்டிங் தொல்லையே கிடையாது. பம்பை எஞ்சினே நேராக ஓட்டுகிறது. பெரிய லாரி டயரின் நட்டுகளைக் கழற்ற, காற்றில் ஓடும் இம்பாக்ட் கன்னுக்கு வேண்டிய காற்று தாராளமாக வரும். ஆனால் சூடான புகைக்குழாய், பெட்ரோல், எட்டு பார் அழுத்தத்தில் நிற்கும் டேங்க் எல்லாம் ஒரே சட்டத்தில் இருக்கும். அதனால் யூனிட்டை வேலைக்குப் பக்கத்தில் கொண்டு போகக்கூடாது, காற்று ஹோஸைத்தான் நீளமாக இழுக்க வேண்டும். பெயின்ட் அடிக்கிறவர்களுக்கு இது இரட்டிப்பு முக்கியம், தின்னர் ஆவி எஞ்சின் பக்கம் போனால் தீப்பிடிக்கும். கரண்ட் கம்ப்ரஸரின் பிரஷர் ஸ்விட்சிலும் பொறி வரும், அதையும் தள்ளியே வையுங்கள்.

எஞ்சின் ஒன்று என்பதால் சக்தியும் பங்குதான். பம்ப் முழு மூச்சில் ஓடும்போது இரும்பு அறுக்கும் கிரைண்டரையும் அதே யூனிட்டின் கரண்டில் போட்டால் எஞ்சின் தடுமாறும். டேங்க் நிறைந்ததும் சில யூனிட்டுகளில் எஞ்சின் வேகம் தானாகக் குறையும், அந்த நேரத்தில் கரண்ட் சரியாக வராது. ஜோகன்னஸ்பர்க்கில் வேலைக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் கணக்கில் வையுங்கள். அது கடல்மட்டத்துக்கு 1,700 மீட்டருக்கு மேல். டர்பனில் நன்றாக இழுத்த எஞ்சின் அங்கே ஆறில் ஒரு பங்கு சக்தியையாவது இழக்கும்.

பக்கியில் (பிக்அப் வண்டியில்) ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய் டயர் மாற்றும் அண்ணன்மாருக்கு ஒரே யூனிட்தான் சரி. வண்டியின் பின்பக்கத்தை மூடும் கேனபிக்குள் வைத்து மட்டும் ஓட்டாதீர்கள். பெட்ரோல் கேனைப் பக்கியின் பிளாஸ்டிக் விரிப்பின் மேல் வைத்து நிரப்பவும் கூடாது, ஸ்டாட்டிக், அதாவது உராய்வில் சேரும் மின்சாரத்தால் பொறி வரும். தரையில் இறக்கி வைத்து நிரப்புங்கள். ஓடும் எஞ்சினில் பெட்ரோல் ஊற்றவே வேண்டாம், அணைத்து ஆறவிட்டு ஊற்றுங்கள்.

எதை வாங்கினாலும் டர்பனின் ஈரக்காற்று டேங்குக்குள் தண்ணீராகத் தேங்கும். தினமும் வேலை முடிந்ததும் அழுத்தத்தைக் குறைத்து அடியிலுள்ள குழாயைத் திறந்து வடித்துவிடுங்கள், இல்லையென்றால் டேங்க் உள்ளேயிருந்தே துருப்பிடித்து மெலியும். அழுத்தம் மிஞ்சினால் காற்றை வெளியே விடும் சேஃப்டி வால்வு ஒழுகுகிறது என்று அடைத்து வைத்த டேங்குகளைப் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்டதன் பக்கத்தில் நிற்கக்கூட வேண்டாம்.

அப்புறம், ஜெனரேட்டர் ஒயரை வீட்டு பிளக்கில் செருகி வீடு முழுக்க விளக்கெரிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தக் கரண்ட் தெருக் கம்பிக்குத் திரும்பிப் போய், அங்கே பழுது பார்க்கும் ஆளைக் கொல்லும். லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனை வைத்து தெருக் கரண்ட், ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றை மட்டும் வீட்டோடு இணைக்கும் சேஞ்ச்ஓவர் ஸ்விட்ச் போட்டு, சர்டிபிகேட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.

நான் கடைசியில் தனித்தனியாகத்தான் வைத்துக்கொண்டேன். தம்பியே டேப் பிடித்து அளந்து, பட்டறை வாசலிலிருந்து ஏழு மீட்டரில், நாலு பக்கமும் திறந்த ஒரு தகரக் கூரை போட்டான். மழை பெய்தாலும் ஜெனரேட்டர் இப்போது அங்கேதான் நிற்கிறது.